தகரப் பெட்டிக்குள் இருக்கும் தலைப்பு

கேள்வி: நான் களுவாஞ்சிகுடி. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வரலாறு, இறுதியாண்டு. பெண்கள் வரலாற்றில் ஆய்வேடு செய்ய விருப்பம். "மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்கள்: அன்று முதல் இன்று வரை" என்று தலைப்புக் கொடுத்தேன். "இது ஆய்வேடு இல்லை, கலைக்களஞ்சியம்" என்று மேற்பார்வையாளர் திருப்பித் தந்துவிட்டார். "சுவாமி விபுலானந்தரும் பெண் கல்வியும்" எடு என்கிறாள் தோழி. ஆறு கிழமைக்குள் புதுத் தலைப்புக் கொடுக்கவேண்டும். கொழும்புக்கு ஒருமுறைதான் போய்வர வசதி. ஆங்கிலம் வாசிப்பேன், ஆனால் வேகம் குறைவு. கையில் ஆதாரம் என்று ஒன்றும் இல்லை. அம்மம்மாவின் தகரப் பெட்டியில் ஏழு பழைய காணி உறுதிகள் (நிலப் பத்திரங்கள்) கிடக்கின்றன, மூத்தது 1938. அவை இதற்கு உதவாது. சொந்தக் குடும்பத்தைத் தொட்டால் பக்கச்சார்பு என்பார்களோ என்றும் பயம். என்ன செய்யலாம்?

அன்பின் மாணவிக்கு,

கையில் ஒன்றும் இல்லை என்று எழுதிய கையோடு ஏழு உறுதிகள் கிடக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பதிலில் பெரும்பங்கு அந்த ஏழு உறுதிகளைப் பற்றியதுதான்.

முதலில், பழைய தலைப்பு ஏன் திரும்பி வந்தது என்று பார்ப்போம். தலைப்பை வாசித்தவுடனே எந்தப் பெண்கள், எந்த ஊர், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, எதை ஆதாரமாக வைத்து என்பது தெரியவேண்டும். உங்கள் தலைப்பில் "மட்டக்களப்பு" மட்டுந்தான் தெரிகிறது. அதுவும் முழுதாகத் தெரியவில்லை: அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய மட்டக்களப்பு என்றால் கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் அதற்குள் அடக்கம். (அம்பாறைப் பக்கத்திலிருந்து இதை வாசிப்பவர்களுக்கும் இது உதவும். 1961க்கு முந்திய உங்கள் ஊர்ப் பதிவுகளை மட்டக்களப்புக் கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) பெயரில் தேடுங்கள். "அம்பாறை" என்று தேடினால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள்.)

ஆண்டு எல்லைக்கும் காரணம் வேண்டும். 1900, 1950, 2000 என்று முழு எண்ணாகப் போட்டால், யோசிக்காமல் போட்டது என்று பார்த்தவுடனே தெரியும். 21 வயதுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்த 1931, இலவசக் கல்வி வந்த 1945, சூறாவளி அடித்த 1978 நவம்பர், சுனாமி வந்த 2004 டிசம்பர் என்று ஏதாவது ஒரு மாற்றத்தின் இரு கரையில் நின்றால் கேள்வி தானாகவே பிறக்கும்.

தோழி சொன்ன தலைப்பு கெட்டதல்ல. ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. சுவாமியைப் பற்றிக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி நூற்றாண்டு மலர்களும் நினைவுக் கட்டுரைகளும். அவற்றை அடுக்கினால் சுவாமி என்ன சொன்னார் என்பது வருமே தவிர, பள்ளிக்கூடத்துக்குப் போன பெண்பிள்ளை வரமாட்டாள். பெண் கல்விதான் வேண்டுமென்றால் ஒரு பாடசாலையின் சேர்வு இடாப்பை (மாணவர் சேர்க்கைப் பதிவேட்டை) கேளுங்கள். சேர்ந்த திகதி, பிறந்த திகதி, தகப்பனின் தொழில், விலகிய திகதி, விலகிய வகுப்பு என்று நிரல்கள் இருக்கும். 1945க்கு முன் பத்து ஆண்டு, பின் பத்து ஆண்டு எடுத்து, பெண்பிள்ளைகள் எத்தனை வயதில் விலகினார்கள் என்று எண்ணினாலே ஒரு நல்ல ஆய்வேடு. விலகல் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குவிந்திருந்தால் பெரியபிள்ளையானதற்கும் படிப்பு நின்றதற்கும் உள்ள தொடர்பை எண்ணிக்கையோடு பேசலாம். அதிபரின் அனுமதியும் வலயக் கல்வி அலுவலகத்தின் கடிதமும் வேண்டும், அதற்கே ஒரு மாதம் போகலாம். ஈரமும் கறையானும் பட்டு நடுவில் நாலைந்து ஆண்டு இல்லாமல் இருக்கலாம். ஆகவே இடாப்பைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தலைப்பை எழுதவேண்டும், அதற்கு முதல் அல்ல.

அரசியலில் ஆர்வமுள்ளவர்களுக்கு இன்னொன்று: தம் சகோதரர் கனகரத்தினம் இறந்த பின் 1980இல் பொத்துவில் தொகுதிக்கு நியமிக்கப்பட்ட ரங்கநாயகி பத்மநாதன் பாராளுமன்றத்தில் பேசியவை. ஆதாரம் ஹன்சாட் என்ற பாராளுமன்றப் பேச்சுப் பதிவு ஒன்றுதான். ஒரே ஆள், ஒரே அவை, தொடக்கமும் முடிவும் உள்ள காலம். கொழும்புப் பயணம் தேவைப்படும், அவ்வளவுதான் சிரமம்.

இனி உறுதிகளுக்கு வருகிறேன்.

நம் பக்கத்தில் கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும், வீடுவளவு மகளுக்குப் போவதும், குடி (குலக்கிளை) தாய்வழியில் எண்ணப்படுவதும் உங்களுக்குப் புதிதல்ல. தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியிலும் இது உண்டு. புதிதாக இருக்கப்போவது சட்டம். நம் மாணவர்கள் மறுபடி மறுபடி செய்யும் பிழை, மட்டக்களப்புத் தமிழருக்குத் தேசவழமைச் சட்டம் பொருந்தும் என்று எழுதுவது. பொருந்தாது, அது வடமாகாணத் தமிழருக்குரியது. இங்கே இருந்தது, முக்குவர் என்ற சமூகத்தின் பெயரால் வழங்கிய முக்குவர் சட்டம். முதுசம் (பரம்பரைச் சொத்து) சொந்தப் பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறை அது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தபோது அது வழக்கிழந்தது. கிறிஸ்தோப்பர் பிரிட்டோ முக்குவர் சட்டத்தைத் தொகுத்து அச்சிட்டதும் அதே 1876இல்தான்.

அப்படியென்றால் உங்கள் 1938 உறுதி, தாய்வழி முறையைக் காத்த சட்டம் போய் 62 ஆண்டுக்குப் பிறகு எழுதப்பட்டது. பொதுச் சட்டப்படி, உறுதி எழுதாமல் தகப்பன் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் பங்கு உண்டு. இருந்தும் வீடு மகளுக்கே போனது. சட்டத்தின் துணை இல்லாத ஒரு வழக்கத்தை நொத்தாரிசின் (உறுதி எழுதும் சட்டத்தரணியின்) பேனாவால் எப்படித் தக்கவைத்தார்கள் என்பதுதான் உங்கள் ஆய்வின் நடுக்கேள்வி. இதைவிட நல்ல கேள்வி ஒன்றை ஆறு கிழமையில் தேடிப்பிடிக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

உறுதியை எப்படி வாசிப்பது? வெளிச்சமான இடத்தில் பாயில் விரித்து, ஃபிளாஷ் இல்லாமல், ஒவ்வொரு பக்கத்தையும் முன்னும் பின்னும் படம் எடுங்கள். பதிவக முத்திரையும் ஏட்டு இலக்கமும் முதல் பக்கத்தின் மேலோ பின்புறமோ இருக்கும், அதை விட்டுவிட்டால் பிறகு தேட வழியில்லை. மடிப்பில் கிழிந்திருந்தால் செலோடேப் ஒட்டவேண்டாம். லமினேட் செய்யவே வேண்டாம். பத்திரமாக இருக்கும் என்று பலர் செய்கிறார்கள். சூட்டில் பழைய தாள் கெடும், பிறகு பிரிக்கவும் முடியாது.

பிறகு ஒவ்வொரு உறுதிக்கும் கொப்பியில் ஒரு வரிசை. திகதி, நொத்தாரிசு, உறுதி இலக்கம், வகை, கொடுத்தவர், பெற்றவர், உறவு என்பவை எவரும் எழுதுவார்கள். நீங்கள் இன்னும் சிலவற்றைச் சேர்க்கவேண்டும்.

முதலாவது, கல்யாணத் திகதி. உறுதி கல்யாணத்துக்கு முதலே எழுதப்பட்டதா, பிள்ளை பிறந்த பிறகா? விவாகப் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிட்டால்தான் தெரியும். இந்த இடைவெளி பத்தாண்டுக்குப் பத்தாண்டு கூடுகிறதா குறைகிறதா என்பதே ஒரு அத்தியாயம். அடுத்தது, பெற்றவர் மகள் மட்டுமா, மருமகன் பெயரும் சேர்ந்திருக்கிறதா?

பிறகு சீவிய உரித்து. தாய் தகப்பன் வளவை மகளுக்கு எழுதிவிட்டு, தங்கள் உயிர் உள்ளவரை அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொள்ளும் வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மகள் தாளில்தான் சொந்தக்காரி. அடுக்களையும் தென்னையும் தாயின் கையில். "கிழக்கில் பெண்ணுக்குச் சொத்துரிமை உண்டு" என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் இந்த வாசகத்தைப் பார்ப்பதே இல்லை. எந்தப் பெண்ணுக்கு, எந்த வயதில் என்று கேட்கவேண்டும்.

கணவனின் கையொப்பத்தையும் தேடுங்கள். 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மணமான பெண் தன் காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க மணமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம் அந்தத் தேவையை எடுத்துவிட்டது. 1923க்குப் பிறகும் தாய் எழுதும் உறுதியில் தகப்பன் சம்மதித்துக் கையொப்பம் வைத்திருந்தால் அது சட்டம் கேட்டதல்ல, வழக்கம் கேட்டது. தாய் தனியே எழுதியிருந்தால் அதுவும் சொல்லவேண்டிய செய்திதான்.

பெருவிரல் அடையாளமா, கையெழுத்தா என்பதையும் குறியுங்கள். எழுத்தறிவுக்கு ஊர்மட்டத்தில் இதைவிட நேரான சாட்சி அரிது. ஆனால் கையெழுத்து வைக்கத் தெரிந்தவருக்கு வாசிக்கவும் தெரியும் என்று முடிவு கட்டவேண்டாம்.

எல்லோரும் தவறவிடும் இடம் அட்டவணைப் பகுதி. வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே இன்னாரின் வளவு என்று நான்கு எல்லையும், பாகக் கணக்கில் நீள அகலமும் இருக்கும் (ஒரு பாகம் ஆறடி). அந்த எல்லைப் பெயர்களை எண்ணுங்கள். ஒரு உறுதி ஒரு பெண்ணைப் பற்றியது, ஆனால் அதன் எல்லைகள் நாலு அயல் வளவுகளைப் பற்றியவை. ஏழு உறுதியில் 28 எல்லை. தெருவையும் கோயில் காணியையும் ஆற்றையும் கழித்தாலும் இருபது பெயராவது தேறும். அவற்றில் எத்தனை பெண் பெயர்? வளவு உறுதிகளில் ஒரு விகிதமும் வயல் உறுதிகளில் வேறொரு விகிதமும் வந்தால், வீடு பெண்ணுக்கு, வயல் யாருக்கு என்ற அடுத்த கேள்வி கையில் கிடைக்கும். உறுதியில் உள்ள பெறுமதியை மட்டும் நம்பவேண்டாம். முத்திரைச் செலவைக் குறைக்கக் குறைத்து எழுதுவது அன்றும் உண்டு.

ஏழு போதாது. 35 இலிருந்து 40 வேண்டும். அம்மம்மாவின் சகோதரிகள், அவர்களின் பெண்மக்கள், பக்கத்து வளவு என்று போனால் பத்துப் பன்னிரண்டு வீட்டில் அந்த எண்ணிக்கை வந்துவிடும். இங்கேதான் ஆய்வு முறியவும் கூடும். உறுதியைக் காட்டு என்று யார் வந்து கேட்டாலும் ஊரில் முதலில் வரும் நினைப்பு, வழக்குப் போடப் போகிறார்கள் என்பது. அம்மாவையோ மாமியையோ கூட்டிக்கொண்டு போங்கள். உறுதியை இரவல் கேட்காமல், அவர்கள் முன்னாலேயே படம் எடுத்துக் கையில் திருப்பிக் கொடுங்கள். ஒரு வீட்டில் பார்த்ததை அடுத்த வீட்டில் வாய்தவறியும் சொல்லவேண்டாம். சகோதரங்களுக்குள் காணிப் பிணக்கு இருக்கும் வீட்டை விட்டுவிடுங்கள். எவ்வளவு சுவையான உறுதியானாலும் விட்டுவிடுங்கள்.

காணிப் பதிவகத்தில் மொத்தமாக எடுக்கலாமே என்று தோன்றும். பதிவேடு ஆள் பெயரில் இல்லை, காணியின் பெயரில் இருக்கிறது. ஏட்டு இலக்கமும் பக்க இலக்கமும் இல்லாமல், "இந்த ஊர்ப் பெண்களின் உறுதிகள்" என்று தேட முடியாது. ஆகவே பதிவகத்துக்குக் கடைசியில் போங்கள்: கையில் உள்ள உறுதிகளில் நாலைந்தின் இலக்கத்தைக் கொடுத்து, அந்தக் காணி பிறகு யார் கைக்குப் போனது என்று பார்க்க. கட்டணத்தையும் எத்தனை நாள் எடுக்கும் என்பதையும் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆதாரத்தில் யார் இல்லை என்பதை முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள். காணி கைமாற நொத்தாரிசு உறுதி வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து இருக்கும் விதி. வாய்ப்பேச்சில் கொடுத்த சீதனம் தாளில் வராது. அரச காணியில் அனுமதிப்பத்திரத்தோடு இருந்தவர்களுக்கு உறுதியே இல்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின்னுரித்து வரிசையில் (இறந்தவருக்குப் பின் காணி யாருக்கு என்ற வரிசையில்) ஆண்பிள்ளைகள் முன்னுக்கு இருந்தார்கள். அது திருத்தப்பட்டது 2022இல்தான். ஆக, தனியார் வளவில் வீடு மகளுக்கு, குடியேற்றக் காணியில் முன்னுரிமை மகனுக்கு. களுவாஞ்சிகுடி போன்ற பழைய ஊரில் முதலாவது வகை கூடுதலாகக் கிடைக்கும். வளவில்லாத குடும்பத்துப் பெண்கள் உங்கள் கொப்பியில் வரவேமாட்டார்கள். 1957 வெள்ளத்திலும் 1978 சூறாவளியிலும் போன தாள்களும் வரா.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் வாய்மொழி. எட்டுப் பெண்கள் போதும். ஒரு மணிநேர ஒலிப்பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணிநேரம் போகும். ஆளுக்கு ஒன்றரை மணிநேரம் என்றால் அறுபது, எழுபது மணிநேர வேலை. இருபது பேர் என்று திட்டம் போடுபவர்கள் எழுத்தாக்கத்தில் மூழ்கிப்போகிறார்கள். 1955க்கு முன் கல்யாணம் முடித்தவர்கள் இப்போது மிகச் சிலரே என்பதால், உங்கள் காலத்தின் முன்பாதி உறுதிகளை மட்டும் நம்பி நிற்கும் என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்.

"அந்தக் காலத்தில் பெண்களின் நிலை எப்படி?" என்று கேட்கக்கூடாது. "அந்தக் காலம் நல்ல காலம் மனே" என்ற பதிலோடு கதை முடிந்துவிடும். தாளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள்: "இந்த வளவ உங்கட பேரில எழுதக்குள்ள நீங்க நொத்தாரிசிட்டப் போனீங்களா? ஆர் கூட்டிப் போன? வாசிச்சுக் காட்டினாங்களா? உறுதி ஆருட பெட்டில இருந்த?" ஆண்டு நினைவில்லை என்றால் வெள்ளத்துக்கு முந்தியா, சூறாவளிக்குப் பிந்தியா, மூத்த பிள்ளை கையிலா வயிற்றிலா என்று கேளுங்கள். மகனோ மருமகனோ பக்கத்தில் இருந்தால் அவர்தான் பதில் சொல்வார். அவர் வேலைக்குப் போயிருக்கும் முற்பகலில் போங்கள். மின்விசிறிக்குக் கீழே போனை வைக்கவேண்டாம், அதன் சத்தத்தில் பேச்சு அமுங்கிவிடும். பேச்சு 1990இன் போர்க்கால நிகழ்வுகள் பக்கம் திரும்பினால், காணாமற்போனவர்கள் பக்கம் திரும்பினால், ஒலிப்பதிவை நிறுத்தட்டுமா என்று கேளுங்கள். அது உங்கள் தலைப்பு அல்ல, ஆனால் அவர் சொல்ல வந்தால் காது கொடுங்கள்.

முடிவு ஆண்டாக 1978ஐ வையுங்கள். சூறாவளி ஒரு காரணம். அதற்குப் பிந்திய இடப்பெயர்வும், சுனாமிக்குப் பின் "குடும்பத் தலைவர்" என்று ஆணின் பெயரில் வீடு எழுதப்பட்டதும் வேறு ஆய்வுக்குரியவை என்பது மற்றக் காரணம். சுனாமி வீட்டு உரிமையை உங்கள் அடுத்த தொகுதி மாணவி ஒருவர் எடுத்தால் சந்தோஷம். ஆக, தலைப்பு இப்படி நிற்கலாம்: "சீதன உறுதிகளில் பெண்: களுவாஞ்சிகுடியில் வீடுவளவு உரிமையும் சீவிய உரித்தும், 1938–1978."

வாசிப்பு அதிகம் இல்லை. பிரிட்டோவின் நூல் சிறியது, நாளுக்கு மூன்று பக்கம் என்றாலும் முடியும். 1969 இலிருந்து அக்கரைப்பற்றில் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரேயின் எழுத்தில் குடி, சீதனம் பற்றிய அத்தியாயங்களை மட்டும் எடுங்கள். ஊர்ப் பெயர் மாறினாலும் முறைகள் ஒப்பிடத்தக்கவை. தமிழில் நூலகம் இணையத்தளத்தில் மட்டக்களப்பு மலர்களையும், சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் வெளியிட்ட "பெண்" சஞ்சிகையையும் பாருங்கள். குடிசன மதிப்பீட்டை இந்தத் தலைப்புக்கு நான் கேட்கமாட்டேன். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போவதும் கட்டாயமில்லை. போவதானால் துறையின் கடிதம், அடையாள அட்டை, பென்சில் கொண்டு போய், கிழக்கு மாகாண அரசாங்க அதிபரின் நிர்வாக அறிக்கைகளில் காணி பற்றிய பகுதியை மட்டும் பாருங்கள். ஒருமுறைப் பயணத்தில் எல்லாவற்றையும் பார்க்கப் புறப்பட்டால் ஒன்றையும் பார்க்காமல்தான் உதயதேவி ரயிலில் திரும்புவீர்கள்.

ஆறு கிழமையில் முதல் இரண்டில் ஏழு உறுதியையும் வரிசைப்படுத்துங்கள். மூன்றாவதில் மூன்று வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஒருவரும் பெட்டியைத் திறக்கவில்லை என்றால் இந்தத் தலைப்பை அங்கேயே கைவிட்டு, பாடசாலை இடாப்புக்குத் திரும்ப நேரம் இருக்கும். அந்த அனுமதிக் கடிதத்தை முதல் கிழமையிலேயே எழுதிப் போட்டு வையுங்கள். திறந்தார்கள் என்றால் ஐந்தாவது கிழமையில் ஒரே தாளில் தலைப்பு, கேள்வி, இதுவரை பார்த்த உறுதிகளின் எண்ணிக்கை, எல்லைப் பெயர்க் கணக்கு ஆகியவற்றோடு மேற்பார்வையாளரிடம் போங்கள். மாதிரிக்கு ஒரு உறுதியின் படமும் கொண்டு போங்கள், பெயர்களை மறைத்து.

பக்கச்சார்பு பற்றிக் கேட்டீர்கள். சொந்தக்காரர் என்பதால்தான் பெட்டி திறந்தது என்று முன்னுரையில் எழுதுங்கள். உங்கள் குடும்ப உறுதிகள் மொத்தத்தில் ஐந்திலொன்றுக்கு மேல் போகாமல் பாருங்கள். நாற்பதில் ஏழு என்றால் சரி. ஆய்வேட்டில் எல்லாப் பெண்களுக்கும் எண் அல்லது எழுத்துக் குறி, ஊர்ப் பெயர் மட்டும் உண்மை. காணியின் பெயரையும் உறுதி இலக்கத்தையும் அச்சிடவேண்டாம். அவை உங்களிடமும் மேற்பார்வையாளரிடமும் உள்ள ஒரு தனிப் பட்டியலில் இருக்கட்டும். அம்மம்மா தன் பெயரைப் போடச் சொன்னால் நன்றியுரையில் போடுங்கள், அட்டவணையில் அவரும் ஒரு குறிதான்.